ஊராட்சி நகராட்சியோடு இணைந்தால் உடனே மாறுவது எது, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியது எது?

'எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்காதே' என்று நூறு நாள் வேலை அட்டையைக் கையில் பிடித்தபடி பெண்கள் கலெக்டர் அலுவலக வாசலில் உட்காரும் செய்தி, தமிழ்நாட்டின் சிறு நகரங்களைச் சுற்றி அடிக்கடி வருகிறது. அதே ஊரில் இன்னொரு தரப்பு, 'எப்போது சேர்ப்பீர்கள், பாதாளச் சாக்கடை எப்போது வரும்?' என்று மனு கொடுக்கிறது. இரு தரப்பும் பேசுவது ஒரே அரசாணையைப் பற்றித்தான்.

2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகிய நான்கு நகராட்சிகள் மாநகராட்சிகளாகின. மாநகராட்சிகளின் எண்ணிக்கை 21-இலிருந்து 25 ஆனது. 2025-இன் தொடக்கத்தில் இன்னும் பெரிய அறிவிப்பு வந்தது. 16 மாநகராட்சிகளும் 41 நகராட்சிகளும் சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு விரிவடையும், 13 புதிய நகராட்சிகளும் 25 புதிய பேரூராட்சிகளும் உருவாகும் என்றது அரசு. குழப்பம் பெரிதாக வெடித்தது அப்போதுதான். 'வரி ஏறும்', 'நூறு நாள் வேலை போகும்', 'ரேஷன் கார்டு மாறும்', 'பட்டா செல்லாது' என்று உண்மையும் வதந்தியும் ஒரே மூச்சில் பரவின. இவற்றில் சில சரி, சில பாதி சரி, சில முழுப் பொய்.

கோடு எங்கே விழுகிறது?

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இரண்டு தனித் தடங்களில் ஓடுகிறது. ஊரகத் தடத்தில் கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. நகரத் தடத்தில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. முதல் தடம் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி இயங்குகிறது. இரண்டாவது தடத்துக்கு 1998-இல் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். அந்தச் சட்டம் கால் நூற்றாண்டு கிடப்பில் கிடந்து, 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது.

எந்த ஊர் எந்தத் தடம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. அரசியலமைப்பின் 243-கியூ பிரிவு, மக்கள்தொகை, மக்கள் அடர்த்தி, உள்ளாட்சியின் வருமானம், விவசாயம் அல்லாத வேலைகளில் இருப்போரின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. எவ்வளவு மக்கள்தொகை, எவ்வளவு வருமானம் என்ற அளவை மாநிலத்திடமே விட்டுவிடுகிறது.

இந்தக் கோடு ஊரின் தோற்றத்தைவிட நிதியின் வழியைத்தான் குறிக்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சாட்சி உண்டு. 2004-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் ஒரே ஆணையில் 'சிறப்பு கிராம ஊராட்சி' ஆக்கப்பட்டன. மத்திய அரசின் ஊரகத் திட்ட நிதியைப் பெறலாம் என்பதே நோக்கம். 2006-இல் ஆட்சி மாறியதும் அவை திரும்பவும் பேரூராட்சிகளாயின. அந்த இரண்டு ஆண்டுகளில் எந்த ஊரிலும் ஒரு தெருகூட இடம் மாறவில்லை. மாறியது பணம் வரும் குழாய் மட்டும்.

இணைப்பைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்: எந்தக் குழாய் என்று மூடுகிறது, எந்தக் குழாய் என்று திறக்கிறது. மூடுவது பெரும்பாலும் உடனே நடக்கிறது. திறப்பதற்கோ திட்ட அறிக்கை, நிதி ஒப்புதல், டெண்டர் என்று ஆண்டுகள் பிடிக்கின்றன. இடையில் விழும் அந்த இடைவெளியே உண்மையான பிரச்சினை.

உடனே மாறுபவை

1. நூறு நாள் வேலை. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊரகக் குடும்பங்களுக்கு மட்டுமானது. பின்னால் சட்டத்தின் பெயரும் நாள் கணக்கும் மாற்றப்பட்டாலும் 'ஊரகம்' என்ற எல்லை அப்படியேதான் இருக்கிறது. ஊராட்சி என்ற அமைப்பு கலைந்தால் அங்கே வேலைப் பட்டியல் தயாரிக்கவும், பணித்தளம் திறக்கவும் யாரும் இல்லை. வேலை அட்டை வெறும் காகிதமாகிவிடும்.

இந்த இழப்பைப் பணமாகப் பார்த்தால்தான் போராட்டத்தின் சூடு புரியும். 2025–26-இல் தமிழ்நாட்டுக்கான நாள் கூலி 336 ரூபாய். ஒரு குடும்பம் நூறு நாளும் முழுக் கூலியோடு வேலை பார்த்தால் 33,600 ரூபாய். நடைமுறையில் நூறு நாளும் கிடைப்பதில்லை, வேலையை அளந்து கூலியைக் குறைப்பதும் உண்டு. ஆனாலும் சில ஆயிரங்களாவது வங்கிக் கணக்கில் விழும். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அவர்களில் வயதானவர்கள் கணிசம். நகரத்தில் கட்டட வேலைக்கோ துணிக்கடைக்கோ அறுபது வயது அம்மாவை யாரும் கூப்பிடப் போவதில்லை.

நகரத்துக்கு மாற்று இல்லையா? 2022-இல் 100 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைச் சோதனை முயற்சியாக மாநில அரசு தொடங்கியது. ஆனால் தேர்ந்தெடுத்த சில நகர்ப்புற உள்ளாட்சிகளில் மட்டும். வேலை கேட்டால் தந்தே ஆக வேண்டும் என்ற சட்ட உரிமை அதில் கிடையாது. வரி உயர்வைப் பற்றி ஊடகங்களில் ஓடும் விவாதத்தில் நூறு நாள் வேலை ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. சொந்த வீடு பெரிதாக இல்லாத, நிலமே இல்லாத குடும்பத்துக்கு வரி உயர்வு சில நூறு ரூபாய் விஷயம். வேலை போவது சில ஆயிரங்கள். யாருடைய இழப்பு பெரிது என்பதை இந்த வித்தியாசம் சொல்லிவிடும்.

2. வீடு கட்டும் திட்டம். குடிசைகளுக்கு மாற்றாக 3.5 லட்ச ரூபாய் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' ஊரகத் திட்டம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துக்கு ஊரகம், நகர்ப்புறம் என்று இரண்டு தனிப் பிரிவுகள். பட்டியலும் விதிகளும் வேறு வேறு. ஊரகப் பட்டியலில் பெயர் வந்து பணி ஆணைக்காகக் காத்திருப்பவர் இணைப்பு ஆணைக்கு முன்னால் அது கைக்கு வருமா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

3. பிரதிநிதித்துவம். கிராம ஊராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; கட்சிச் சின்னம் கிடையாது. நகராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டி கட்சிச் சின்னத்தில். ஊராட்சியில் ஏழெட்டு வார்டு உறுப்பினர் இருந்த ஊருக்கு, இணைந்த பின் ஒரு கவுன்சிலர் கிடைத்தாலே அதிகம். சில வேளை இரண்டு ஊர்களைச் சேர்த்து ஒரே வார்டு ஆக்கிவிடுவார்கள். அப்படி ஆனால் சிறிய ஊரின் குரல் பெரிய ஊரின் வாக்கில் அமுங்கிப்போகும். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊர்களில் இந்த இழப்பு இன்னும் கூர்மையாக உறைக்கும்.

4. கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுவது. நகரத்தில் அதற்கு இணையாகப் பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று தமிழகமெங்கும் தொடங்கியது. கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கையே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். பகுதி சபையில் அந்தப் பகுதியின் குறைகளைத்தான் பெரும்பாலும் பேச முடிகிறது.

5. சொத்தும் ஆட்களும். ஊராட்சி அலுவலகக் கட்டடம், வங்கி இருப்பு, ஊருணி, சுடுகாடு, தெருவிளக்கு எல்லாம் நகராட்சியின் கைக்குப் போகும். ஊராட்சிச் செயலர், டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர் ஆகியோரின் நிலை தனி ஆணைகளைப் பொறுத்தது. குறிப்பாகத் தொகுப்பூதியத்தில் இருக்கும் தூய்மைக் காவலர்கள். நகராட்சிகளில் குப்பை அள்ளும் வேலை பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்களிடம் போயிருக்கும் காலம் இது. இந்தத் தூய்மைக் காவலர்கள் அந்த ஒப்பந்தத்துக்குள் சேர்க்கப்படுவார்களா என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வரி: எவ்வளவு, எப்போது?

ஊராட்சியில் கட்டுவது 'வீட்டு வரி'. கூரையா, ஓடா, கான்கிரீட்டா என்பதையும் பரப்பையும் வைத்துப் போடும் எளிய கணக்கு. நகராட்சியில் அதன் பெயர் 'சொத்து வரி'. ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சதுர அடிக்கு ஓர் அடிப்படை மதிப்பு வைத்து, குடியிருப்பா வணிகமா, கட்டடத்தின் வயது என்ன என்றெல்லாம் பார்த்துக் கணக்கிடுகிறார்கள். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி (உச்சவரம்பு 5,000 ரூபாய்). தாமதித்தால் மாதம் 1 சதவீதத் தண்டம்.

இணைப்பு ஆணை வந்த மறுநாளே வரி மாறிவிடாது. நகராட்சி ஆட்கள் வீடு வீடாக அளந்து மறுமதிப்பீடு செய்த பிறகே புது எண்ணும் புது தொகையும் வரும். அதற்குப் பிறகுதான் இரண்டு விஷயங்கள் கடிக்கும்.

ஒன்று, உயர்வின் வேகம். சிறப்பாகச் சொத்து வரி வசூலித்தால்தான் நிதி தருவேன் என்று 15-ஆவது நிதிக்குழு மாநிலங்களுக்கு நிபந்தனை போட்டது: குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவிக்க வேண்டும், வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக உயர வேண்டும். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் வரி உயர்ந்ததன் பின்னணி இதுதான். சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீத உயர்வு. அதோடு ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏற்றும் முறையும் வந்தது.

ஆறு சதவீதம் கேட்க அற்பமாக இருக்கும். ஒரு வீட்டின் அரையாண்டு வரி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 1,338, பத்தாம் ஆண்டு முடிவில் 1,791. பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பு. ஊராட்சியில் ஒரே தொகையைப் பல ஆண்டுகளாகக் கட்டிப் பழகியவர்களுக்கு முதல் நோட்டீசைவிட இந்தத் தொடர் ஏற்றமே பிடிபடாத விஷயமாக இருக்கும்.

இரண்டு, காலிமனை வரி. ஊரின் ஓரத்தில் பிள்ளைகளுக்கென்று வாங்கிப் போட்ட மனைக்கு, வீடே கட்டாவிட்டாலும், நகராட்சியில் வரி உண்டு. பயிர் செய்யும் நிலத்துக்கு இது பொருந்தாது. ஆனால் மனைப்பிரிவாகப் பிரித்துக் கல் நட்டு, ஆட்டுக்குப் புல் மட்டும் முளைத்துக் கிடக்கும் இடத்தை விவசாய நிலம் என்று வாதிட முடியாது. வீடு கட்ட அனுமதி கேட்டு நகராட்சிக்குப் போகும்போது இந்தப் பாக்கி மொத்தமாக வந்து நிற்கும்.

வரி உயர்வை மட்டும் எதிர்ப்பவர்கள் கணக்கில் எடுக்க மறப்பது ஒன்றும் உண்டு. நகரை ஒட்டிய ஊராட்சிகளில் பலர் நகரத்தின் சாலை, பஸ் நிலையம், சந்தை, மருத்துவமனை எல்லாவற்றையும் அன்றாடம் பயன்படுத்திவிட்டு, வரியை மட்டும் கிராமக் கணக்கில் கட்டுகிறார்கள். நகராட்சிக்குள் ஓட்டு வீட்டில் இருப்பவர் அதற்கும் சேர்த்துக் கட்டுகிறார். இணைப்பு வேண்டும் என்போரின் வாதத்தில் நியாயமான பகுதி இது.

தண்ணீரும் சாக்கடையும்

காகிதத்தில் பார்த்தால் நகரமே லாபம். ஊரகக் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் மிஷனில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் இலக்கு. நகரங்களுக்கான மத்திய அரசின் அளவுகோலில் பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர், இருக்கும் ஊருக்கு 135.

நடைமுறையில் இணைந்த அன்று மேல்நிலைத் தொட்டியும் அதே, போர்வெல்லும் அதே, குழாயும் அதே. மாறுவது யாரைக் கேட்பது என்பதுதான். நேற்று வரை தண்ணீர் வராவிட்டால் டேங்க் ஆபரேட்டர் வீட்டு வாசலில் போய் நின்றால் போதும். அவர் அடுத்த தெருக்காரர், வால்வை எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறப்பது என்று அவருக்குக் கைப்பாடம். அவரும் அசைக்காவிட்டால் தலைவரிடம் போவார்கள். இன்று நகராட்சிப் பொறியியல் பிரிவில் புகார் எண் வாங்க வேண்டும். பழைய ஆபரேட்டர் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் புதியவருக்கு எந்த வால்வு எந்தத் தெரு என்று புரியவே பல நாள் ஆகிவிடும். இணைப்புக்குப் பிந்தைய முதல் கோடையில் காலிக்குட மறியல் வருவதற்குப் பாதிக் காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறை, மீதி இந்தக் கைமாற்றம்.

பாதாளச் சாக்கடை இன்னும் தூரம். அம்ருத் 2.0 போன்ற மத்தியத் திட்டம், மாநில நிதி, கடன், மக்கள் கட்டும் வைப்புத்தொகை எல்லாம் சேர்ந்தால்தான் அது நகரும். சென்னை இதற்கு உதாரணம். 2011-இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக்கப்பட்டது. பத்தாண்டு கடந்த பின்னும் சேர்க்கப்பட்ட பல பகுதிகளில் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. மாநிலத் தலைநகருக்கே அந்த வேகம் என்றால் ஒரு சிறு நகராட்சியிடம் ஐந்தாண்டில் எல்லாம் முடியும் என்று எதிர்பார்க்க முடியாது.

மாறாதவை

ரேஷன் கார்டு, மகளிர் உரிமைத் தொகை, முதியோர் ஓய்வூதியம், மின் இணைப்பு, விவசாய இலவச மின்சாரம் ஆகியவற்றுக்கும் உள்ளாட்சி எல்லைக்கும் தொடர்பில்லை.

பட்டாவும் அப்படித்தான். 'வருவாய் கிராமம்' வேறு, 'கிராம ஊராட்சி' வேறு. பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். ஊராட்சி கலைந்தாலும் வருவாய் கிராமமும் கிராம நிர்வாக அலுவலரும் இருப்பார்கள். பின்னாளில் நகர நில அளவை நடந்தால் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று புது எண்கள் வரும். அப்போதும் உரிமை மாறுவதில்லை. ஆனால் அந்த அளவையின்போது பெயரும் பரப்பும் சரியாக ஏறியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்காதவர்கள் பிறகு நெடுங்காலம் அலைகிறார்கள்.

கவனிக்கப்படாத இரண்டு

முதலாவது, நிலம் விற்கும்போது வரும் வருமான வரி. ஊரக விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. நகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். அதைவிட முக்கியம், எல்லைக்கு வெளியே இருப்பவர்களையும் இது தொடும். நகராட்சியின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர் வரை உள்ள நிலம் ஊரக நிலமாகக் கருதப்படாது. தூரம் சாலை வழியாக அல்ல, நேர்கோட்டில். ஆகவே நகராட்சி நான்கு ஊராட்சிகளைச் சேர்த்துக்கொள்ளும்போது, சேர்க்கப்படாத ஐந்தாவது ஊராட்சியின் விவசாயியும் இந்த வலைக்குள் வந்துவிடலாம். போராட்ட மேடைகளில் இது காதில் விழுவதே இல்லை.

இரண்டாவது, மதுக்கடை. பள்ளி, கோயிலிலிருந்து மதுக்கடை தள்ளியிருக்க வேண்டிய தூரம் நகராட்சி, மாநகராட்சிகளில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். நெடுஞ்சாலையோர மதுக்கடைகளுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த தடையும் நகராட்சி எல்லைக்குள் பொருந்தாது என்று 2017-இல் தெளிவுபடுத்தப்பட்டது. ஊருக்குள் கடை வராமல் இத்தனை நாள் போராடித் தடுத்த பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய எண்கள் இவை.

ஆட்சேபணை எழுதுகிறவர்களுக்கு

இணைக்கும் நோக்கத்தை அரசு முதலில் அறிவித்து, ஆட்சேபணைக்குக் கால அவகாசம் தரும். இறுதி ஆணை அதற்குப் பிறகு. கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் பதிவாக நிற்கும். நீதிமன்றங்கள் பொதுவாக இதைக் கொள்கை முடிவாகவே பார்க்கின்றன. நடைமுறை மீறல் இருந்தால்தான் தலையிடுவார்கள். எனவே 'எங்களுக்கு விருப்பமில்லை' என்று ஆயிரம் கையெழுத்தோடு போகும் மனுவைவிட, 243-கியூ சொல்லும் அளவுகோல்களை வைத்து எழுதிய ஒரு பக்கத்துக்குப் பலம் அதிகம். அதில் இருக்க வேண்டியவை:

1. ஊரில் எத்தனை பேர் விவசாயத்தையும் விவசாயக் கூலியையும் நம்பி இருக்கிறார்கள். சென்ற ஆண்டு எத்தனை குடும்பம் நூறு நாள் வேலை பார்த்தது. இரண்டாவது எண்ணிக்கை ஊராட்சி வாரியாக இணையத்திலேயே கிடைக்கும்.

2. நகராட்சி எல்லைக்கும் குடியிருப்புக்கும் இடையே எவ்வளவு வயல், எவ்வளவு நீர்நிலை.

3. ஊராட்சி முழுவதும் சேர வேண்டுமா, நகரோடு ஒட்டிப்போன குடியிருப்புகள் மட்டும் சேர்ந்தால் போதுமா என்ற மாற்று யோசனை. ஒரே ஊராட்சிக்குள் நான்கு நகர்களும் இரண்டு குக்கிராமங்களும் இருக்கும் இடங்களில் இதுவே நடைமுறைக்கு ஒத்த கோரிக்கை.

4. சேர்ப்பது உறுதியென்றால், மறுமதிப்பீட்டைச் சில ஆண்டு தள்ளிவைக்கவும் வார்டு பிரிக்கும்போது ஊரை உடைக்காமல் இருக்கவும் எழுத்துபூர்வ உத்தரவாதம்.

ஆணை வந்த பிறகு வீட்டில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. ஊராட்சியின் பழைய பதிவேடுகள் பல கையால் எழுதிய நோட்டுகள். அவை நகராட்சிக்கு மூட்டையாகப் போய்ச் சேரும்போது தொலைவது நடக்கக்கூடியதே. வீட்டு வரி ரசீது, குடிநீர் இணைப்புக்குக் கட்டிய வைப்புத்தொகை ரசீது, கட்டட அனுமதி, 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்ட அங்கீகாரமில்லா மனைக்கு 2017 விதிகளின்படி பெற்ற வரன்முறை ஆணை ஆகியவற்றின் சான்றிட்ட நகலை, ஊராட்சிச் செயலர் அந்த இருக்கையில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.